தகர வாளியும் முள்ளெலிக் கருக்களும்

திங்கள்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கண்ணாடியின் அடியில் இருந்தது நாங்கள் எதையும் கலக்காத கிண்ணம். வடிகட்டிய கடல்நீரும், அதில் கருவுற்று முப்பத்தொன்பது மணி நேரம் ஆன கடல் முள்ளெலிக் கருக்களும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கடல் முள்ளெலி என்பது உடலெங்கும் முள் நிறைந்த, பந்து போன்ற கடல் உயிர். இந்நேரம் அவை கைகளை நீட்டி நீந்தும் இளங்குஞ்சுகளாக ஆகியிருக்க வேண்டும். நான் பார்த்ததோ வெறும் உருண்டைகள். கை இல்லை, குடல் இல்லை, எலும்பு போன்ற அந்த மெல்லிய கம்பிகளும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் நீண்ட மயிர்க்கற்றை விறைத்து நிற்க, எல்லாம் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

கடல்நீரில் கரைந்த செம்பு கருவை என்ன செய்கிறது என்று பார்க்க நானும் ஒரு மாணவியும் தொடங்கிய சோதனை இது. செம்பு கலந்த கிண்ணங்களில் இப்படி ஆகும் என்று எதிர்பார்த்துத்தான் வேலையில் இறங்கினோம். நல்ல நீர்க் கிண்ணமே இப்படியானால் மற்றவற்றைப் பார்த்து என்ன பயன்? பள்ளிக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. அத்தனை நேரமும் அந்தக் கிண்ணத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் தூத்துக்குடியில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவுக்கு. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். இளமையில் கரைவலை இழுத்தவர். சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதற்குப் பின் வந்த கப்பல்களில் ஒன்றில் வந்திறங்கியவர்கள் அவருடைய முன்னோர். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் வலையைக் கையில் எடுத்த குடும்பம். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் இந்தக் கரையோரம் வரும்போது இன்றும் அவர் வீட்டுக்குள் இருக்க மாட்டார்.

அவருடைய பேத்தி பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின் அடிப்பாகத்துக்குச் செங்காவி நிறச் சாயம் பூசுவதைப் பார்த்துவிட்டு வந்து, "இந்தச் சாயம் பூசினால் சிப்பியும் பாசியும் ஏன் ஒட்டுவதில்லை டீச்சர்?" என்று கேட்டாள். அந்தச் சாயத்தில் செம்பு ஆக்சைடு இருக்கிறது. அது கடலில் மெல்ல மெல்லக் கரைகிறது. ஒட்டிக்கொள்ள வரும் இளம் உயிரை அந்தச் செம்பு கொன்றுவிடுகிறது என்றேன். "கரைந்த செம்பு படகோடு நின்றுவிடுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

இந்தச் சாயங்களின் கதையில் செம்பை விடக் கொடிய ஒரு கட்டம் உண்டு. ட்ரைபியூட்டைல்டின் என்னும் தகரச் சேர்மம் ஒரு காலத்தில் உலகெங்கும் கப்பல்களின் அடியில் பூசப்பட்டது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணலானது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலக அளவிலான உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தகரம் போனபின் அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பியது செம்பு.

கருவைச் சோதிக்க முள்ளெலியை விட்டால் வேறு நல்ல உயிர் இல்லை என்பேன். விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாவதை 1870களில் ஜெர்மானிய உயிரியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக் கண்டது இதன் முட்டையில்தான். முட்டை கண்ணாடி போலத் தெளிவு. உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். தாயின் வயிற்றுக்குள் மறைந்து வளர்வதில்லை, கடல்நீரில் வெட்டவெளியில் வளர்கிறது. ஒன்றரை நாளில் குஞ்சாகும் வரையிலான முழுக்கதையும் முடிந்துவிடுகிறது.

எங்கள் பாறைகளில் குழி தோண்டி உட்கார்ந்திருப்பது எக்கினோமெட்ரா மத்தாயி என்னும் இனம். உரிய அனுமதி பெற்றுத்தான் எடுத்தோம். ஆறுக்கு மேல் எடுக்கவில்லை. ஆண், பெண் வெளியிலிருந்து தெரியாது என்பதால் ஆறு வேண்டியிருந்தது. பள்ளி ஆய்வகத்திலிருந்து பொட்டாசியம் குளோரைடு கொண்டுவந்து 100 மில்லிலிட்டர் வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) 3.7 கிராம் கரைத்தோம். வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலின் வழியே அரை மில்லிலிட்டர் ஊசி போட்டு லேசாக ஆட்டினால், ஓரிரு நிமிடத்தில் மேலுச்சியிலுள்ள ஐந்து துளைகளில் கசியத் தொடங்குகிறது. வெள்ளையாகப் பால் போல வந்தால் ஆண். அதைத் தண்ணீர் படாமல் உலர்ந்தபடியே உறிஞ்சி எடுத்துக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் விந்தணுக்கள் நீந்தத் தொடங்கிச் சீக்கிரம் களைத்துவிடும். மணல் மணலாக வந்தால் பெண். கடல்நீர் நிறைந்த கோப்பையின் வாயில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். முட்டைகள் இடியாப்ப இழை போல ஐந்து சரங்களாக இறங்கி அடியில் படிந்தன. மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நானும் அப்படித்தான் பார்த்தேன், இருபது ஆண்டுகளாக இதைப் பாடம் நடத்தியும்.

இதற்கு முந்தைய மாதம் ஒரு தடவை முயன்று தோற்றிருந்தோம். அது எளிய தவறு: விந்தை அளவில்லாமல் ஊற்றியதால் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து, கரு இரண்டாகப் பிளக்க வேண்டிய இடத்தில் மூன்றும் நான்குமாகப் பிளந்து சிதைந்தது. இந்த முறை ஒரு சிறு துளி விந்தைக் கடல்நீரில் கலந்து, முட்டை இருந்த கோப்பையில் அதிலிருந்து சில சொட்டுகள் மட்டும் விட்டோம். இரண்டு நிமிடத்தில் முட்டையைச் சுற்றி மென்படலம் பூரி உப்புவது போல எழும்பியது. நூறு எண்ணினேன், தொண்ணூற்றைந்தில் படலம் இருந்தது. ஒரு மணி நேரம் கடந்ததும் எல்லாம் ஒழுங்காக இரண்டாகப் பிளந்தன. இவ்வளவு நன்றாகத் தொடங்கிய வேலைதான் திங்கள்கிழமை காலையில் உருண்டைகளாக நின்றது.

அன்று மாலை அவள் வந்ததும் இருவரும் ஒவ்வொரு படியாகத் திரும்ப நடந்தோம். அவளுக்குச் சந்தேகம் உறிஞ்சுகுழாய் மேல்: செம்பில் தோய்ந்த குழாயே நல்ல நீரிலும் பட்டிருக்குமோ? எனக்கு அது சரியாகப் படவில்லை. செம்பு குறைவாகக் கலந்த கிண்ணத்திலும் மிகுதியாகக் கலந்த கிண்ணத்திலும் வேறுபாடே இல்லை. எல்லாவற்றிலும் அதே மயிர்க்கற்றை, அதே குடலற்ற உருண்டை. செம்பு இப்படி ஒரே அச்சில் வார்க்காது.

முள்ளெலிக் கருவில் ஒவ்வொரு உலோகமும் தனக்கென ஒரு கையெழுத்துப் போடும். 1892இல் குர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் லித்தியம் கலந்த கடல்நீரில் இதை வளர்த்தபோது, உள்ளே மடிய வேண்டிய குடல் வெளியே துருத்திக்கொண்டு வளர்ந்தது. நிக்கல் கருவின் முன்பக்கம் பின்பக்கம் என்ற பாகுபாட்டையே அழித்துவிடும். இரண்டு இடத்தில் தோன்ற வேண்டிய எலும்புக் கம்பிகள் வட்டமாகச் சுற்றிலும் முளைக்கும். துத்தநாகமோ லித்தியத்துக்கு நேர் எதிர். குடல் உண்டாக வேண்டிய பகுதி ஒடுங்கி, மேல்தோலாகும் பகுதியே எங்கும் பரவி, தலைப்பக்கத்து மயிர்க்கற்றை அளவுக்கு மீறி நீண்டு நிற்கும்.

நான் பார்த்தது துத்தநாகத்தின் கையெழுத்து. எங்களிடம் துத்தநாகம் எங்கே இருந்தது?

வாளியில் இருந்தது. கடற்கரைக்குப் புறப்படும்போது தாத்தா ஆசையோடு தூக்கிக் கொடுத்த வாளி அது. அவருடைய தந்தை காலத்துக்குப் பின் அடியை மாற்றிப் புதுப்பித்தது. காலை பத்து மணிக்கு நீர் இறங்கியிருந்தபோது கடல்நீரை அதில்தான் மொண்டோம். முள்ளெலிகளும் அதில்தான் வந்தன. பிற்பகல் இரண்டு மணி வரை, நான்கு மணி நேரம், நீர் அதிலேயே நின்றது. தகர வாளி என்று நாம் சொல்வது வெறும் பழக்கம். இரும்பின் மேல் பூசியிருப்பது தகரம் அல்ல, துத்தநாகம். இரும்பு துருப்பிடிக்காதபடி தான் கரைந்து காப்பதுதான் அந்தப் பூச்சின் வேலையே. உப்புநீரில் அது இன்னும் வேகமாகக் கரையும். படகின் அடியில் இரும்பைக் காக்கத் துத்தநாகக் கட்டிகளைத் திருகி வைப்பதும் இதற்காகத்தான். வாளி தன் கடமையைச் செய்தது.

என் மனத்தை அறுத்தது வேறொன்று. அந்த ஆறு முள்ளெலிகளும் நான்கு மணி நேரமும் அதே நீரில் இருந்தன. ஒன்றும் சாகவில்லை. முள்ளை ஆட்டின, குழாய்க்கால்களால் வாளியின் சுவரைப் பற்றி ஏறின, மறுநாள் தம் பாறைக் குழிகளுக்குத் திரும்பின. அந்த நீர் நல்ல நீர் என்று நாங்கள் நம்பியதற்குக் காரணமே அவைதான். தாய் உயிரோடு இருக்கிறது, ஆகவே தண்ணீரில் குறையில்லை என்று கடற்கரையில் நின்று யாரும் சொல்லிவிடலாம். வளர்ந்த உயிருக்கு வரும் உலோகத்தைக் கட்டிப்போடவும் வெளியேற்றவும் வழிகள் உண்டு. ஒற்றை உயிரணுவாக இருந்து மணிக்கு மணி பிளந்து பெருகும் கருவுக்கு அந்தத் தற்காப்பு இன்னும் முழுதாக அமையவில்லை. இந்த உயிரணு குடலாகட்டும், அது எலும்பாகட்டும் என்று முடிவாகும் அந்தச் சில மணி நேரத்தில் நுழையும் உலோகம், முடிவையே மாற்றிவிடுகிறது.

சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாளி மேல் பழி போடக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அடுத்த நீரிறக்கத்தில் ஐந்து லிட்டர் உணவுத்தரப் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டு எடுத்துப்போனோம். முள்ளெலிகளுக்குத் தனிப் பிளாஸ்டிக் வாளி. வீட்டுக்கு வந்ததும் கேனில் இருந்த நீரில் ஒரு பகுதியை அந்தத் தகர வாளியில் ஊற்றி நான்கு மணி நேரம் வைத்தோம். ஆக, ஒரே கடல், ஒரே அலை, ஒரே தாய் தந்தையின் கருக்கள். வாளி ஒன்றுதான் வேறு. மூன்றாவதாக ஒரு கிண்ணமும் வைத்தோம். வாளி நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில் இ.டி.டி.ஏ. உப்பைக் கரைத்து, மூன்று மணி நேரம் அப்படியே விட்டு, அதன் பின் கருக்களை இட்டோம். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கப் பள்ளி ஆய்வகத்தில் வைத்திருக்கும் அதே பொருள்தான். அது உலோக அயனியை நண்டு கவ்வுவது போலக் கவ்விக்கொள்ளும். கவ்வப்பட்ட உலோகம் கருவுக்குள் எளிதில் நுழைய முடியாது. கடல்நீரில் மிகுந்திருக்கும் கால்சியத்தை அது முதலில் பிடிக்கும், பிறகு அதை விட்டுவிட்டுத் துத்தநாகத்தைப் பிடிக்கும். அதற்குத்தான் அந்த மூன்று மணி நேரம்.

நாற்பது மணி நேரம் கழித்து ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு சொட்டு ஃபார்மலின் விட்டு அசைவை நிறுத்தி, நூறு நூறாக எண்ணினோம். கேன் நீரில் சரியாக வளர்ந்தவை 93. வாளி நீரில் 2. இ.டி.டி.ஏ. சேர்த்த வாளி நீரில் 61.

அந்த அறுபத்தொன்றைக் கண்டபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். நீரில் வேறு ஏதேனும் அழுகலோ கிருமியோ இருந்திருந்தால் இ.டி.டி.ஏ. இவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்காது. கொன்றது உலோகம்தான், கருவின் வடிவமும் அதையே சொன்னது.

சரியாக வளர்ந்த குஞ்சை அன்றுதான் அவள் முதன்முறை முழுதாகப் பார்த்தாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். கூம்பு போன்ற உடல். அகன்ற பக்கத்திலிருந்து கைகள் நீள்கின்றன. ஒவ்வொரு கைக்குள்ளும் கால்சியம் கார்பனேட்டால் ஆன கண்ணாடிக் கம்பி ஒன்று, பந்தலுக்குக் கால் நட்டது போலத் தோலைத் தாங்கி நிற்கிறது. இந்தக் கம்பி முதலில் இரண்டு சிறு முக்கோணப் பொடிகளாகத் தோன்றி, கடல்நீரின் கால்சியத்தை இழுத்துக்கொண்டு நீளும். நடுவே மூன்று அறையாகப் பிரிந்த குடல். உடலெங்கும் செம்புள்ளிகள். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு இருந்தால் அதிகம்.

அதன்பின் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, நினைத்த வேலைக்குத் திரும்பினோம். செம்புக் கரைசல் செய்த கணக்கை எழுதிவைக்கிறேன், செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு உதவும். மயில்துத்தத்தில் (செம்பு சல்பேட் படிகத்தில்) ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் செம்பு. மீதி கந்தகமும் ஆக்சிஜனும் நீரும். ஆகவே 3.93 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டர் வாலைநீரில் கரைத்தால் லிட்டருக்கு 1 கிராம் செம்பு. அதில் 1 மில்லிலிட்டரை எடுத்து வாலைநீரால் 100 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். இந்த இரண்டாம் கரைசலில் 1 மில்லிலிட்டரைக் கடல்நீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். அரை மில்லிலிட்டர் எடுத்தால் 50, 0.2 எடுத்தால் 20, 0.1 எடுத்தால் 10. கிண்ணங்கள் எல்லாம் பிளாஸ்டிக். இவ்வளவு குறைந்த செம்பில் ஒரு பகுதி கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால் கண்ணாடியைத் தவிர்த்தோம். கலன்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து வாலைநீரால் மும்முறை அலசினோம். பித்தளைக் குழாயில் பிடித்த தண்ணீர் எதிலும் படவில்லை. ஒரு மில்லிலிட்டருக்கு இருபது கருவுக்கு மேல் விடவில்லை. நெருக்கினால் நச்சு இல்லாமலே வளர்ச்சி குன்றும். நடுவே இரண்டு மணி நேர மின்வெட்டு வந்தது. அறை வெப்பம் 24 பாகையை விட்டு அதிகம் நகராததால் தப்பித்தோம்.

கலக்காத கிண்ணத்தில் 92 சரியாக வளர்ந்தன. 10 மைக்ரோகிராமில் 90. அது வேறுபாடே அல்ல. 20இல் 77 ஆனது. குஞ்சுகள் உருவில் சரிதான், ஆனால் சிறியவை, கைகள் குட்டை. 50இல் 19. மீதியில் பல, கம்பி ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து சாய்ந்திருந்தன. சிலவற்றில் இரண்டு கம்பிகளும் சந்திக்க வேண்டிய நுனியில் சந்திக்காமல் பிரிந்து கிடந்தன. சில குடல் பாதி மடிந்த நிலையில் நின்றுவிட்டிருந்தன. 100இல் குஞ்சு என்று சொல்ல ஒன்றுமில்லை. கிண்ணத்தின் அடியில் பிளந்து நின்றுபோன உயிரணுக் கொத்துகள்.

இது எங்கள் கொட்டகையில், ஒரே இணையின் கருக்களில், ஒரு முறை கிடைத்த எண்ணிக்கை. இன்னும் இரண்டு இணைகளில் செய்துபார்க்காமல் இதைப் பெரிதாகப் பேச மாட்டேன். கடலில் கதை இன்னும் சிக்கலானது. செம்பு எவ்வளவு இருக்கிறது என்பதை விட, அதில் எவ்வளவு கட்டற்ற அயனியாகத் திரிகிறது என்பதே கருவுக்கு முக்கியம். ஆற்றுவாயில் அலையாத்தி இலைகள் ஊறிய நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருட்கள் செம்பைப் பிடித்துக்கொள்ளும். அங்கே 50 மைக்ரோகிராம் செய்யும் கேட்டைத் தெளிந்த வெளிக்கடலில் அதைவிடக் குறைவான அளவே செய்துவிடலாம். அலையாத்தியை வெட்டி எறியும்போது இந்தக் காவலும் சேர்ந்து போகிறது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

50 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு என்று தமிழ் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். கோயில் கூடத்தில் கும்பம் வைக்கும் சிறிய செம்பு ஒன்று இருந்தது. நிறுத்துப் பார்த்தோம், 125 கிராமுக்குச் சற்று அதிகம். ஐம்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழமுள்ள போட்டி நீச்சல்குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். அத்தனை நீரிலும் இந்த ஒரு சிறு செம்பை முழுதாகக் கரைத்தால் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வந்துவிடும். உலோகத்துக்கும் பாத்திரத்துக்கும் நம் மொழியில் ஒரே பெயர். செம்பில் ஊறிய தண்ணீரை உடம்புக்கு நல்லது என்று காலையில் குடிக்கும் வீடு எங்கள் வீடு. இன்றும் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரை எந்தக் கருவின் மேலும் ஊற்ற மாட்டேன்.

செம்பு கலந்த நீரையும் ஃபார்மலின் நீரையும் சாக்கடையில் விடவில்லை. தனித்தனிக் கேன்களில் அடைத்துப் பெயர் எழுதிப் பள்ளி ஆய்வகத்தின் கழிவுச் சேகரிப்பில் சேர்த்துவிட்டேன். ஃபார்மலினைக் கையுறை இல்லாமல், காற்றோட்டம் இல்லாத அறையில் தொடக் கூடாது. அந்த வேலையை மாணவியிடம் விடாமல் நானே செய்தேன்.

தாத்தாவிடம் வாளியைப் பற்றி எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். அவர் வருந்துவாரோ என்று பயம். கடைசியில் பேத்தியே சொல்லிவிட்டாள், பாதி ஆங்கிலத்திலும் பாதி என்னிடம் படித்த தமிழிலும். அவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"உயிர் இறால் அதில் தங்காது அம்மா," என்றார் என்னிடம். "தூண்டிலுக்கு வைத்திருந்தால் மத்தியானத்துக்குள் செத்துப்போகும். என் அப்பா மரத்தொட்டியில்தான் வைப்பார். வெயிலில் வாளி சூடாகிறது, அதனால்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்."

முன்பே கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவரை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்து, கேன் நீரில் உயிரோடு வைத்திருந்த குஞ்சுகளைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இது எந்தப் பாறையில் போய் உட்காரும் என்று கேட்டார். இன்னும் பல நாட்கள் மிதந்து திரியும், நீரோட்டம் கொண்டுபோகும் இடமெல்லாம் போகும், பிறகுதான் இறங்க இடம் தேடும் என்றேன். "அதுவரை இந்தத் தண்ணீர்தானா?" என்றார்.

அடுத்த அமாவாசைக்கு நீர் காலை பத்து மணி வாக்கில் இறங்கும். இரண்டாவது இணைக்கான கேன்கள் கழுவிக் காய்கின்றன. வாளியின் அடியில் தாத்தா நான்கு துளை போட்டு, கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறார்.